நக்கோன் சி தம்மராட்: ஹட்யாயைத் தாண்டிப் போகிறவர்களுக்கு ஒரு பழைய நகரம்

பள்ளி விடுமுறை விட்டதும் பாடாங் பெசாரிலும் புக்கிட் காயு ஹீத்தாமிலும் நம்மவர்கள் வரிசை பிடித்து நிற்பதைப் பார்க்கலாம். ஹட்யாயில் இரண்டு இரவு, மிதக்கும் சந்தையில் ஒரு மாலை, பிள்ளைகளுக்குத் துணிமணி, பை நிறைய நொறுக்குத்தீனி. மூன்றாம் நாள் வீடு திரும்பியாகிவிடும். இன்னும் கொஞ்சம் துணிந்தவர்கள் கிராபி, பூக்கெட் பக்கம் போவார்கள். ஹட்யாயிலிருந்து வேன் ஏறினால் வடக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் வந்துவிடும் நக்கோன் சி தம்மராட்டுக்குப் போய் வந்தேன் என்று நம்மவர் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ஊரின் பழைய பெயர் தமிழ்க் கல்வெட்டில் இருக்கிறது. 1025-ஆம் ஆண்டு முதலாம் ராஜேந்திர சோழனின் கடற்படை இந்தப் பக்கம் வந்தபோது தாக்கிய ஊர்களை, 1030 வாக்கில் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டப்பட்ட அவனுடைய மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. பத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அவற்றில் கடாரம் நமக்கெல்லாம் தெரியும். கெடாவில் பிறந்தவர்களுக்கு அது சொந்த ஊர்ப் பெயர். இலங்காசோகத்தை லங்காசுகா என்று பள்ளி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்போம். அதே பட்டியலில் மாதமாலிங்கம் என்றொரு பெயர் உண்டு. பல்கலைக்கழகத்தில் அந்த மெய்க்கீர்த்தியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது, அது எந்த ஊர் என்று நானும் கேட்கவில்லை, என்னோடு படித்தவர்களும் கேட்கவில்லை. மாதமாலிங்கம் என்பது தாம்பிரலிங்கம் என்ற பழைய அரசு. அதன் மையமாக இருந்த பகுதியில்தான் இன்றைய நக்கோன் சி தம்மராட் இருக்கிறது.

கடந்த ஆண்டு அம்மாவை அழைத்துக்கொண்டு மூன்று நாள் அங்கே போய்த் தங்கி வந்தேன்.

சோழன் ஆண்ட ஊரா?

போவதற்கு முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. புலனக் குழுக்களில் சுற்றிவரும் காணொளிகள் ‘தமிழன் ஆண்ட தாய்லாந்து’ என்று தலைப்புப் போடுகின்றன. மெய்க்கீர்த்தி சொல்வது படையெடுப்பை, ஆட்சியை அல்ல. சோழர் படை வந்தது, வென்றது, பொருளை அள்ளிக்கொண்டு திரும்பியது. தாம்பிரலிங்கத்தில் சோழர் உட்கார்ந்து ஆண்டதற்குச் சான்று கிடையாது. அந்த நினைப்போடு போகிறவர்களுக்கு அங்கே ஏமாற்றம்தான். தமிழ் எழுத்தில் கடைப்பலகைகூட இருக்காது.

போர் வருவதற்கு வெகு காலம் முன்பே வியாபாரம் வந்துவிட்டது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில், பூக்கெட்டுக்கு வடக்கே உள்ள தக்குவாப்பாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்று பெயரிட்ட ஒரு குளத்தைப் பற்றியும், அதை மணிக்கிராமத்தார் முதலியோரின் பாதுகாப்பில் விட்டதைப் பற்றியும் அது பேசுகிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். மணிக்கிராமம் நம் வணிகர் சங்கம். வந்த இடத்தில் குளம் வெட்டி, அதற்குக் காவலும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்றால், சில நாள் தங்கிப் போகிறவர்கள் செய்யும் வேலையாக அது தெரியவில்லை.

தாம்பிரலிங்கமும் அடிவாங்கிவிட்டுச் சும்மா இருந்த அரசு அல்ல. 13-ஆம் நூற்றாண்டில் அதன் அரசன் சந்திரபானு கடல் கடந்து இலங்கைமீது படையெடுத்தான். முதல் படையெடுப்பு 1247-இல். யாழ்ப்பாணப் பக்கம் அவன் கை சில காலம் ஓங்கியிருந்தது. இரண்டாம் முறை போனபோது தமிழ்நாட்டுப் படைவீரர்களையும் சேர்த்துக்கொண்டான். கடைசியில் பாண்டியர் படையிடம் தோற்று உயிரிழந்தான். பாண்டியர் கல்வெட்டுகள் அவனைச் சாவகன் என்று குறிப்பிடுகின்றன. ராஜேந்திரன் இங்கே வந்ததைப் படித்த நாம், இங்கிருந்து ஒருவன் நம் பக்கம் படை நடத்திப் போனதைப் பாடமாகப் படிக்கவில்லை.

மலேசியர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு கதையும் உண்டு. ஐரோப்பியரும் மலாய்க்காரரும் இந்த ஊரை லிகோர் என்று அழைத்தார்கள். லங்காவியில் ‘பெராஸ் தெர்பக்கார்’ என்று, கரிந்த அரிசி கிடக்கும் இடம் ஒன்றைச் சுற்றுப்பயணிகளுக்குக் காட்டுவார்களே, 1821-இல் கெடாவையும் லங்காவியையும் தாக்கிய அந்தச் சயாமியப் படையை நடத்தியவர் லிகோரின் ஆளுநர். ஊரின் பழைய மரபுப்படி, இதற்குக் கட்டுப்பட்ட 12 நகரங்களுக்குப் பன்னிரண்டு விலங்கு முத்திரைகள் இருந்தன. அந்தப் பன்னிரண்டில் கிளந்தான், பகாங், கெடாவின் பெயர்களும் வரும். மாநிலச் சின்னத்தில் தூபியைச் சுற்றி அந்த விலங்குகளை இன்றும் காணலாம்.

துணி சுற்றும் தூபி

நகரம் நீண்டு ஒடுங்கியது. பழைய கடற்கரை மணல்மேடு ஒன்றின்மேல் அமைந்ததால் அந்த வடிவம். அந்த மேட்டின் மேலேயே வடக்கிலிருந்து தெற்காக ஓடும் ராட்சதம்னொன் சாலையில்தான் பார்க்க வேண்டியவை எல்லாம் இருக்கின்றன. பழைய கோட்டை மதிலின் ஒரு துண்டும் அகழியும் வழியிலேயே வந்துவிடும்.

தெற்கே வாட் பிரா மஹாதாட். இலங்கை பாணியில் மணி கவிழ்த்தாற்போன்ற வெள்ளைத் தூபி, உச்சியில் பொன் பூசிய முனை, சுற்றிலும் கூட்டமாகச் சிறு தூபிகள். புத்தரின் பல்லைக் கலிங்கத்திலிருந்து இலங்கைக்கு எடுத்துப்போன இளவரசனும் இளவரசியும் கப்பல் உடைந்து இந்த மணல்மேட்டில் ஒதுங்கினார்கள் என்பது தலபுராணம். தூபியின் நிழல் தரையில் விழாது என்றும் ஊரார் சொல்வார்கள். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி நம்மவர்கள் சொல்லும் அதே கதை! அம்மா வெயிலில் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இந்த ஆலயம் 2012-ஆம் ஆண்டிலேயே சேர்ந்துவிட்டது.

இங்கே போவதென்றால் மாசிப் பௌர்ணமிக்குப் போக வேண்டும். அன்று தாய்லாந்தில் மாக பூஜை. நீண்ட மஞ்சள் துணியை ஊர்மக்கள் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து ஊர்வலமாகக் கொண்டுவந்து, தூபியைச் சுற்றிக் கட்டுகிறார்கள். வைகாசிப் பௌர்ணமியிலும் இதே சடங்கு உண்டு. நமக்கு மாசி மகமும் வைகாசி விசாகமும் வரும் அதே நிலவு நாள்கள்தான் பெரும்பாலும். பெயர்கூட மாறவில்லை: மகம் அங்கே மாக, விசாகம் அங்கே விசாக. நாங்கள் போனது சாதாரண நாள். அப்போதும் சிறு துணிகளை வாங்கி, பெயர் எழுதிக் காணிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு துணைச் செய்தி. 2006, 2007 வாக்கில் சாத்துக்காம் ராமாதெப் என்ற தாயத்து தாய்லாந்தைப் பித்துப்பிடிக்க வைத்தது. இங்கேயும் சிலர் கழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது பிறந்த ஊர் இதுதான். அந்தக் காவல் தெய்வங்களின் உருவங்கள் தூபிக்கு ஏறும் படிக்கட்டின் வாசலில் இருக்கின்றன.

ஈஸ்வரன் இருக்கும் இடம்

தூபியிலிருந்து அதே சாலையில் வடக்கே வந்தால், ஒரு புறம் ஹோ பிரா இசுவான், எதிர்ப்புறம் ஹோ பிரா நாராய். பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஈஸ்வரன் கூடம், நாராயணன் கூடம். கோபுரமோ கொடிமரமோ எதிர்பார்க்க வேண்டாம். சரிந்த ஓட்டுக் கூரையோடு தாய் பாணியில் கட்டிய சிறு மண்டபங்கள். வேகமாகப் போனால் தவறவிட்டுவிடலாம். ஈஸ்வரன் கூடத்தில் சிவலிங்கம் இருக்கிறது. நடராசர், உமை, விநாயகர் வெண்கலத் திருமேனிகளின் பிரதிகளும் உண்டு. மூலச் சிலைகள் அருங்காட்சியகத்தில்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டார். பிறகு தட்டைத் தேடினார்.

“திருநீறு இல்லையாப்பா?”

“இங்க அதெல்லாம் கிடையாதும்மா. ஊதுபத்தி மட்டும்தான்.”

“சரி, ஈஸ்வரன்னு பேர் வச்சிருக்காங்க இல்ல, அது போதும்.”

ஊதுபத்தி கொளுத்தி வைத்தார். பக்கத்தில் ஒரு தாய்க்காரப் பாட்டி அவரைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார்.

மண்டபத்துக்கு அருகே உயரமாக இரண்டு சிவப்புத் தூண்கள் நிற்கின்றன. பாங்காக் போனவர்கள் நகராண்மைக் கழகக் கட்டடத்துக்கு முன்னால் இதைப்போலவே பெரிதாக ஒன்றைப் பார்த்திருப்பார்கள். இது ஊஞ்சல் கம்பம். சிவபெருமான் ஆண்டுக்கு ஒரு முறை பூமிக்கு இறங்கி வருகிறார் என்ற நம்பிக்கையில் பிராமணர்கள் நடத்திய விழாவில், ஆட்கள் இதில் ஏறி உயர ஆடினார்கள். விழாவின் பெயர் திரியம்பவாய். அதைத் தொடர்ந்து நாராயணனுக்கு வரும் விழா திரிபவாய்.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் மேலே போக மனம் வராது. திருவெம்பாவை, திருப்பாவை என்ற சொற்களே அப்படி ஆகியிருக்கின்றன. மாணிக்கவாசகரும் ஆண்டாளும் மார்கழிக்குப் பாடியவை, எப்போது, யார் வழியாக என்று துல்லியமாகச் சொல்ல முடியாத ஒரு காலத்தில் கடல் கடந்து, சயாமிய அரசவைச் சடங்காகிவிட்டன. பாங்காக்கில் ஊஞ்சல் ஆட்டம் 1935-இல் நிறுத்தப்பட்டது. விழா நிற்கவில்லை. அங்குள்ள தேவஸ்தானத்தில் அரசவைப் பிராமணர்கள் மார்கழியை ஒட்டி இன்றும் அதை நடத்துகிறார்கள். அவர்கள் ஓதுவதில் திருவெம்பாவைப் பாடல்கள் இருப்பதைத் தமிழறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஓதுகிறவர்களுக்குப் பொருள் தெரியாது, ஒலியும் தேய்ந்து மாறிவிட்டது. கிரந்த வழி வந்த எழுத்தில் எழுதிய ஏடுகளைப் பார்த்து, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். அந்தப் பிராமணக் குடும்பங்கள் தங்கள் மூதாதையர் வந்த வழியாகச் சொல்லும் ஊர்களில் நக்கோன் சி தம்மராட்டும் ஒன்று.

நம் தோட்டங்களில் மார்கழி பஜனை நின்றுபோன இடங்கள் எத்தனை என்று நினைத்துக்கொண்டேன். மொழி தெரிந்த நாம் விட்டுவிட்டோம். தெரியாதவர்கள் வைத்திருக்கிறார்கள். 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்ட பிறகுதான் அது இருந்ததே நம்மில் பலருக்குத் தெரிய வந்தது என்பதும் ஞாபகத்துக்கு வந்தது.

தூபிக்குச் சற்றுத் தெற்கே தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. சங்கை இடுப்பில் சேர்த்து வைத்த மிகப் பழைய விஷ்ணு கற்சிலைகள் இந்தக் கரையில் கிடைத்தவை. அவற்றைப் பார்த்தால், சோழருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது புரியும். திங்கள், செவ்வாய் மூடியிருக்கும். அதைக் கணக்கில் வைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

பத்தாம் மாதமும் தோல்பாவையும்

அம்மாவை அதிகம் கவர்ந்தது கோயில் அல்ல, சந்தையில் பார்த்த கனோம் லா. அரிசிமாவையும் சர்க்கரையையும் கரைத்து, நுண்ணிய துளைகள் போட்ட பாத்திரத்தில் ஊற்றி, சூடான சட்டியின்மேல் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஆட்டுகிறார்கள். நூல் நூலாக விழுந்து வலைபோல வெந்துவிடுகிறது. ரோத்தி ஜாலாதான், ஆனால் அதைவிடப் பல மடங்கு மெல்லியது.

இது பத்தாம் மாதப் பலகாரம். தாய்ச் சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத் தேய்பிறையில், பெரும்பாலும் செப்டம்பரிலோ அக்டோபரிலோ, இறந்துபோனவர்கள் பதினைந்து நாள் வீடு தேடி வருகிறார்கள் என்று நம்புகிறார்கள். அமாவாசையன்று படையல் போட்டு வழியனுப்புகிறார்கள். வருகிறவர்களுக்குப் பெயர் பிரேட், நம் பிரேதம். நாம் மகாளய பட்சம் என்று சொல்வதும் பெரும்பாலும் இதே நாள்களில் வரும். பலகாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. கனோம் லா அவர்கள் உடுத்தும் துணி. பொரித்த அரிசியில் செய்த கனோம் போங் ஆற்றைக் கடக்கும் தெப்பம். நடுவில் துளை போட்ட கனோம் டீசாம் செலவுக்குக் காசு. ஊசிமுனை வாயுள்ள பிரேதங்கள் சாப்பிட வேண்டும் என்றுதான் கனோம் லா அவ்வளவு மெல்லிசு என்று சொல்வாரும் உண்டு. ஆளில்லாத ஆவிகளுக்கும் கோயில் வளாகத்தில் பொதுவாகப் படைப்பார்கள். படையல் முடிந்ததும் பிள்ளைகள் முண்டியடித்து அதை எடுத்துச் சாப்பிடுவதும் சடங்கில் ஒரு பகுதிதான்.

இந்த ஊரின் இன்னொரு சொத்து ‘நாங் தலுங்’ தோல்பாவைக் கூத்து. கிளந்தானின் வாயாங் கூலிட் சியாமுக்குச் சொந்தக்காரன். ஆட்டம் தொடங்கும்போது முதலில் ரிஷி, பிறகு காளைமேல் பிரா இசுவான், அதற்கப்புறம்தான் கதை. தேசியக் கலைஞர் விருது பெற்ற மறைந்த சுசாட் சுப்சின் நடத்திய வீட்டு அருங்காட்சியகம் நகருக்குள்ளேயே இருக்கிறது. பாவை வெட்டுவதை உட்கார்ந்து பார்க்கலாம். வெள்ளியில் கறுப்பு நிரப்பிச் செய்யும் நகைகளும் பாத்திரங்களும் தா சாங் சாலைக் கடைகளில் கிடைக்கும். விலை அதிகம்தான்; கைவேலை.

போய்வரும் வழி

கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ், பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர், இரண்டுமே பாடாங் பெசாருக்குப் போகின்றன. குடிநுழைவுச் சோதனை நிலையத்திலேயே முடிந்துவிடும். அங்கிருந்து ஹட்யாய்க்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் என்பதை மறந்து, ரயில் போய்விட்டது என்று பதறியவர்களில் நானும் ஒருவன். மலேசியக் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 மே 1 முதல் எல்லோரும் தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டையைப் புறப்படுவதற்கு முன் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன, கவனம்.

ஹட்யாயிலிருந்து வேன்தான் விரைவு. உள்ளூர் ரயிலும் உண்டு. மெதுவாகப் போகும், ஜன்னலோரம் ரப்பர் தோட்டங்கள் வந்துகொண்டே இருக்கும். பால்மரம் வெட்டி வளர்ந்த அம்மா, கோடு போட்டிருக்கும் விதத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கிளந்தான் பக்கத்தினருக்குச் சுங்கை கோலோக் வழியாகவும் ரயில் உண்டு. ஆனால் அது யாலா, நாராதிவாட் மாநிலங்களைக் கடந்து வருவது. 2004 முதல் அங்கே வன்முறைச் சம்பவங்கள் நடந்துவருவதால், குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பாடாங் பெசார் வழியையே சொல்வேன்.

நகருக்குள் ராட்சதம்னொன் சாலை நெடுக ‘சொங்தேவ்’ ஓடுகிறது. பின்புறம் இரண்டு நீளப் பலகை போட்ட சிறிய லாரி. கையைக் காட்டி ஏறி, இறங்கும்போது காசு கொடுக்கலாம். ஆங்கிலம் அதிகம் செல்லாது. கைத்தொலைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலி போதும். கோயிலுக்குள் முழங்கால், தோள் மூடிய உடை வேண்டும்.

சாப்பாட்டில் கனோம் சீன் கண்டிப்பாகச் சாப்பிட வேண்டும். நம் இடியாப்பத்தின் சொந்தக்காரி. மேலே தேங்காய்ப்பால் குழம்பு, பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பச்சைக் காய்களும் கீரைகளும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் உஷாராக இருக்க வேண்டும். காய்கறிக் குழம்பு என்று தருவதிலும் பெலாச்சானோ மீன் சாறோ இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பில் ‘ஜே’ என்று தாய் எழுத்தில் போட்டிருக்கும் கடைகளைத் தேடிப் போங்கள். பூண்டு, வெங்காயம்கூட அங்கே கிடையாது.

ஒரு நாள் மிச்சமிருந்தால் வடக்கே சுமார் 70 கிலோமீட்டரில் சிச்சோன் வட்டாரம். அங்கே காவ் கா என்ற சிறு குன்றின்மேல் செங்கல் அடித்தளங்களும் சிவலிங்கமும் இருக்கும் பழைய சைவத் தலம் ஒன்று உண்டு. கூட்டம் இருக்காது. கூட்டமெல்லாம் அதே வட்டாரத்திலுள்ள வாட் செடி ஐ காய் கோயிலில். வேண்டுதல் பலித்தவர்கள் கொண்டுவந்து வைத்த சேவல் பொம்மைகள் ஆயிரக்கணக்கில், நாள் முழுக்கப் பட்டாசு. எண் கேட்டு வருகிறவர்களில் மலேசியப் பதிவெண் கார்களும் இருந்தன.

திரும்பும்போது அம்மா நான்கு பொட்டலம் கனோம் லா வாங்கினார். மூன்று அக்கம்பக்கத்துக்கு. நான்காவதை மகாளய அமாவாசையன்று தாத்தா படத்துக்கு முன்னால் வைப்பதாகச் சொன்னார். அதுவரை கெடாமல் இருக்காது என்றேன். “அப்ப அந்தச் சமயத்துக்கே இன்னொரு தரம் போவோம்,” என்றார்.